இலவு காத்த கிளிகளா இவர்கள்?

'இலவு காத்த கிளி' என்ற பழமொழியை விளக்க நம் பகுதி ஆசிரியைகள் கரும்பலகையில் படம் வரைய வேண்டியதில்லை. வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டுப் பக்கம் இலவ மரத்தைப் பார்க்காமல் வளர்ந்த மாணவி யார்? பச்சைக் காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குவதைக் கண்ட கிளி ஒன்று, பழுத்ததும் தின்னலாம் என்று மரத்திலேயே காத்திருந்ததாம். காய் பழுக்கவில்லை, முற்றி வெடித்தது. உள்ளிருந்த பஞ்சு காற்றோடு போயிற்று. கிளி பசியோடு திரும்பியது. வீணாகக் காத்திருந்து ஏமாறுகிறவர்களுக்கு இன்றும் அந்தக் கிளியின் பெயரைத்தான் சூட்டுகிறோம்.

அந்தக் கிளியைப் போலவே சிறகோடு காத்திருந்து, பறக்காமலே வீடு திரும்புகிற மனிதர்களும் உலகில் இருக்கிறார்கள். இவர்கள் முப்பது கிலோ எடையுள்ள சிறகைத் தோளில் சுமந்து மலையேறுகிறார்கள். உச்சியில் அதை விரித்து வைத்துக்கொண்டு காலையிலிருந்து மாலை வரை காற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு சிறகை மடக்கிக்கொண்டு வந்த வழியே இறங்கிவிடுகிறார்கள். இவர்களையும் இலவு காத்த கிளிகள் என்று சொல்லலாமா? இதையே இக்கட்டுரையில் ஆராய்வோம்.

தொங்கு சிறகு

இவர்கள் பயன்படுத்தும் கருவிக்கு 'ஹேங் கிளைடர்' என்று பெயர். தமிழில் 'தொங்கு சிறகு' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அலுமினியக் குழாய்களாலான சட்டம். அதன்மேல் இழுத்துக் கட்டிய உறுதியான செயற்கை இழைத் துணி. நடுவில் முக்கோண வடிவில் ஒரு கைப்பிடி. அவ்வளவுதான். எஞ்சின் இல்லை, பெட்ரோல் இல்லை. பறப்பவர் தோல்பட்டை போன்ற ஓர் உறைக்குள் புகுந்து, சிறகின் நடுவிலிருந்து குப்புறத் தொங்குகிறார். கைப்பிடியைத் தம்மை நோக்கி இழுத்தால் சிறகின் மூக்கு தாழ்ந்து வேகம் கூடும். முன்னே தள்ளினால் வேகம் குறையும். உடலை இடப்பக்கம் நகர்த்தினால் இடப்பக்கம் திரும்பும். தம் உடலின் எடையே அவருக்குச் சுக்கான்.

பாராசூட் போன்ற துணியில் உட்கார்ந்து பறப்பதைப் 'பாராகிளைடர்' என்பார்கள். அதில் குழாய்ச் சட்டம் கிடையாது. மடித்து முதுகுப்பையில் வைத்துவிடலாம். இமாசலப் பிரதேசத்தின் பீர் பில்லிங்கில் 2015-ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டி நடந்தது இந்த வகைக்கே. இரண்டுக்கும் காற்றைப் பற்றிய சட்டம் ஒன்றுதான்.

இந்தச் சிறகின் வரலாற்றில் மாணவியர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவில் பிரான்சிஸ் ரொகால்லோ என்ற பொறியாளர் வளைந்து கொடுக்கும் துணிச் சிறகு ஒன்றை உருவாக்க விரும்பினார். 1948-இல் அவருடைய மனைவி ஜெர்ட்ரூட், சமையலறை ஜன்னல் திரைத் துணியை வெட்டித் தைத்து முதல் சிறகை ஆக்கிக் கொடுத்தார். 1951-இல் கிடைத்த காப்புரிமையில் இருவர் பெயரும் உண்டு. அந்தச் சிறகின் வழியிலேயே, 1963-இல் ஆஸ்திரேலியாவின் ஜான் டிக்கென்சன் முக்கோணக் கைப்பிடியோடு கூடிய தொங்கு சிறகை அமைத்தார். 1970-களில் அது உலகெங்கும் பரவியது. நம் தையல் வகுப்பை இனி யாரும் எளிதாக எண்ண வேண்டாம்!

மேலேறும் காற்று

தொங்கு சிறகு உண்மையில் எப்போதும் கீழ்நோக்கியே இறங்கிக்கொண்டிருக்கிறது. சறுக்குமரத்தில் குழந்தை சறுக்குவது போல, அது காற்றில் சறுக்குகிறது. 1970-களின் தொடக்கத்தில் இருந்த சிறகுகள் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் நான்கு மீட்டர் அளவே முன்னே செல்லும். இக்காலத்துச் சிறந்த சிறகுகள் பதினைந்து மீட்டரும் செல்லும். அமைதியான காற்றில் அது விநாடிக்குச் சுமார் ஒரு மீட்டர் வீதம் இறங்கும். ஆகவே 300 மீட்டர் உயரக் குன்றிலிருந்து புறப்பட்டவர், வேறு உதவி இல்லாவிட்டால், ஐந்து நிமிடத்தில் தரைக்கு வந்துவிடுவார்.

அப்படியானால் மணிக்கணக்கில் பறக்கிறார்களே, எப்படி? விநாடிக்கு ஒரு மீட்டரைவிட வேகமாக மேலேறும் காற்றைத் தேடிப்பிடித்து அதற்குள் இருந்துவிடுகிறார்கள். அத்தகைய காற்று இரண்டு வகையில் கிடைக்கிறது.

ஒன்று, மலையில் மோதி ஏறும் காற்று. வீசிவரும் காற்றுக்கு எதிரே மலைச்சரிவு நின்றால், காற்று வேறு வழியின்றிச் சரிவைத் தழுவி மேலே ஏறும். இரண்டாவது, வெயிலால் எழும் காற்று. பாறையும் உழுத நிலமும் சூடேறினால், அவற்றின் மேலுள்ள காற்றும் சூடாகி, எடை குறைந்து, தூண் போல மேலெழும். உச்சி வெயிலில் வெடித்த இலவங்காயின் பஞ்சு கீழே விழாமல் மேலே மேலே போவதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? இறக்கையை அசைக்காமல் பருந்து வட்டமிட்டு உயர்வதும் இந்தத் தூணுக்குள்தான். அதனால்தான் பறப்போர் பருந்தைத் தங்கள் ஆசானாகக் கொள்கிறார்கள். பருந்து வட்டமிடும் இடத்தை நோக்கி அவர்களும் போகிறார்கள்.

ஏமாற்றம் தரும் நாள்

இவ்வளவும் தெரிந்துகொண்டால், ஒரு நாள் எப்படியெல்லாம் வீணாகக்கூடும் என்பது விளங்கும்.

காற்றே இல்லாத நாள் ஒன்று. சிறகைச் சுமந்து ஓடிக் கிளம்ப வேண்டியிருப்பதால், எதிர்க்காற்று சிறிதாவது வேண்டும். மணிக்குப் பத்து முதல் இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் நேர் எதிரே வீசினால் நல்லது. காற்று அதிகமான நாள் இன்னொன்று. அன்று சிறகை விரிப்பதே ஆபத்து. அது ஆளையும் இழுத்துக்கொண்டு புரளும். திசை மாறிய நாள் மற்றொன்று. காற்று முதுகுப்பக்கமிருந்து வந்தால், எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், கிளம்பக் கூடாது. மேகம் மூடி நிலம் சூடேறாத நாளில் கிளம்பலாம். ஆனால் ஐந்து நிமிடத்தில் தரையில் நிற்கலாம்! இடிமேகம் திரளும் நாளோ எல்லாவற்றிலும் கொடியது.

அத்தகைய நாளில் மலையுச்சியில் நடப்பதைக் கவனியுங்கள். காலையில் எல்லாரும் உற்சாகமாகச் சிறகுகளைப் பூட்டுகிறார்கள். ஒவ்வொரு திருகாணியையும் ஒவ்வொரு கம்பியையும் கையால் தொட்டுப் பார்க்கிறார்கள். பிறகு ஒருவர் சிறகின் மூக்கைப் பிடித்துக்கொள்ள, பறக்கப்போகிறவர் பட்டையில் படுத்துத் தொங்கிக் காட்டுகிறார். கொக்கி மாட்டப்பட்டதா என்று நண்பர் பார்த்துச் சொல்ல வேண்டும். கொக்கியை மாட்ட மறந்து ஓடிக் கிளம்பி உயிரிழந்தோர் உண்டு. ஆகவே தன் கண்ணை மட்டும் நம்பாமல் தோழரின் கண்ணையும் நம்புவது இவர்களிடையே மரபாயிற்று.

பிறகு காத்திருப்பு. ஒருவர் காய்ந்த புல்லைப் பிய்த்து மேலே எறிகிறார். ஒருவர் குச்சியில் கட்டிய நாடாவைப் பார்க்கிறார். ஒருவர் தொலைவிலுள்ள புகையைப் பார்க்கிறார். நண்பகல் ஆகிறது. துணிந்தவர் ஒருவர் முதலில் கிளம்புகிறார். மற்றவர்கள் மூச்சை அடக்கிப் பார்க்கிறார்கள். அவர் உயராமல் நேரே சறுக்கிக் கீழே வயலில் இறங்கிவிட்டால், மேலே இருப்பவர்களின் முகம் வாடிவிடுகிறது. மூன்று மணி, நான்கு மணி. கடைசியில் ஒருவர் எழுந்து சிறகின் குச்சிகளை உருவத் தொடங்குகிறார். மற்றவர்களும் எழுகிறார்கள். விடுமுறை போயிற்று, பயணச் செலவு போயிற்று.

ஆனால் ஒன்று கவனிக்கத் தக்கது. முதலில் சிறகை மடக்குபவரை நல்ல குழுவில் யாரும் கோழை என்று சொல்வதில்லை. எல்லாரும் கிளம்பும்போது 'எனக்கு இன்று வேண்டாம்' என்று சொல்வதற்கு, கிளம்புவதைவிட அதிகத் துணிவு வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நம் பள்ளத்தாக்கின் காற்று

நம்மைச் சுற்றி இவ்வளவு மலைகள் இருக்கின்றன. ஆடி மாதத்தில் காற்றுக்கும் பஞ்சமில்லை. அம்மியும் பறக்கும் என்று பழமொழியே இருக்கிறது. பிறகு மனிதர் பறக்கத் தடை என்ன? நம் ஊர்ப் பாறை ஒன்றை வைத்தே இதற்கு விடை காணலாம்.

மூல வைகையில் தண்ணீர் ஓடும்போது, ஆற்று நடுவிலுள்ள ஒரு பாறையைப் பாருங்கள். நீர் பாறையின் முன்பக்கம் வழுவழுப்பாக ஏறுகிறது. பின்பக்கம் விழுந்து, சுழித்து, நுரைத்து, சில இடங்களில் எதிர்த்திசையிலும் ஓடுகிறது. முன்பக்கத்தில் விட்ட காகிதக் கப்பல் ஏறிப் போகும்; பின்பக்கத்தில் விட்டது மூழ்கும். காற்றும் மலையும் இப்படியே.

தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக் கடலிலிருந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கம் அதற்கு முன்பக்கம். அங்கே காற்று ஏறுகிறது; குளிர்ந்து மழையாகப் பொழிகிறது. நம் பக்கம் அதற்குப் பின்பக்கம். ஏறிய காற்று இங்கே இறங்குகிறது. அதனால்தான் நம் பகுதியைப் பூகோளப் பாடத்தில் மழை மறைவுப் பகுதி என்று படிக்கிறோம். இறங்கும் காற்றில் சிறகும் இறங்கும். மலைக்குப் பின்னால் உருளும் சுழற்காற்றில் அகப்பட்டால் புரண்டுவிடும். மயிலாடும்பாறையில் நிற்பவருக்கு மேற்கே மேகமலைத் தொடர். கிழக்கே ஆண்டிபட்டி மலைத்தொடர். இரண்டுக்கும் நடுவே நுழையும் ஆடிக் காற்று எந்த மூலையில் எப்படித் திரும்பும் என்பதைப் பறக்கத் தெரிந்தவரும் எளிதில் சொல்லிவிட முடியாது.

அதே காற்று வேறொரு வேலைக்கு நன்றாகப் பயன்படுகிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்களைப் போலவே, கம்பம் பள்ளத்தாக்கின் வழியும் பருவக்காற்று பாய்ந்து வருகிறது. கண்டமனூர், ஆண்டிபட்டிப் பக்கம் நிற்கும் காற்றாலைகள் அதைக் கொண்டே மின்சாரம் எடுக்கின்றன. தரையில் ஊன்றி நிற்கும் காற்றாடிக்குப் பலத்த காற்று வரம். நிலத்தை விட்டுக் கிளம்பும் மனிதருக்கு அதுவே எமன்.

பருவக்காற்று ஓய்ந்த மாதங்களில் நிலைமை மாறும். வெயில் ஏறியதும் பள்ளத்தாக்கின் காற்று சரிவுகளில் மெல்ல மேலேறும். இரவில் குளிர்ந்த காற்று மலையிலிருந்து கீழிறங்கும். காலையில் கிளம்ப முடியாத இடத்திலிருந்து நண்பகலில் கிளம்பலாம். மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்து வாகமண்ணிலும், நம் மாநிலத்தில் நீலகிரியின் கல்லட்டி, வேலூர்ப் பக்கத்து ஏலகிரி ஆகிய இடங்களிலும் பறப்போர் கூடியிருக்கிறார்கள். எந்த இடமாயினும் மாதத்தையும் மணியையும் காற்றே குறிக்கிறது. மனிதர் அதற்குக் கட்டுப்படுகிறார்.

கட்டுப்படாவிட்டால் என்ன ஆகும்?

2007-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் மனில்லா என்ற ஊரில் பாராகிளைடர் வீரர்கள் பலர் உலகப் போட்டிக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். இடிமேகங்கள் திரண்டன. ஏவா விஸ்னியர்ஸ்கா என்ற ஜெர்மன் வீராங்கனையை மேகம் உள்ளே இழுத்துக்கொண்டது. அவர் 9,946 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிச் செல்லப்பட்டார். எவரெஸ்ட் சிகரமே அதைவிட ஆயிரம் மீட்டர் தாழ்வு! கடுங்குளிரில் உடலெல்லாம் பனி உறைய, நினைவிழந்து நெடுநேரம் மிதந்தவர், இறைவன் அருளால் தாழ்ந்த உயரத்தில் கண் விழித்து, புறப்பட்ட இடத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி இறங்கினார். அதே நாளில் சீன வீரர் ஒருவர் உயிரிழந்தார். மேகத்தைக் கண்டு அன்று தரையில் தங்கியவருக்கு அந்த நாள் ஏமாற்றமாகவே தோன்றியிருக்கும். ஆனால் அந்த ஏமாற்றம் உயிரைக் காத்தது.

ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தாலும் நினைவுக்கு வருகிறார். தம்பி குஸ்தாவோடு சேர்ந்து நாரைகள் பறப்பதைச் சிறுவயது முதல் உற்றுநோக்கியவர் அவர். 1889-இல் அதைப் பற்றி நூல் எழுதினார். 1894-இல் பெர்லின் அருகே 15 மீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக் குன்றையே எழுப்பினார். அதைக் கூம்பு வடிவில் அமைத்ததன் காரணம் என்ன தெரியுமா? காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதை எதிர்த்து ஓடிக் கிளம்பலாம் என்பதே. காற்றைத் தமக்கேற்ப மாற்ற முடியாதவர், குன்றைக் காற்றுக்கேற்ப மாற்றினார்! சுமார் 2,000 முறை சறுக்கிப் பறந்த அந்தப் பெருமகனார், 1896 ஆகஸ்டு 9-ஆம் நாள் ரீனோ மலைப்பகுதியில் பறக்கும்போது, சிறகின் மூக்கு உயர்ந்து மிதப்பு அறுந்து கீழே விழுந்தார். மறுநாள் இறந்தார். ஆயிரம் முறை நடந்தது அடுத்த முறையும் நடக்கும் என்று காற்று யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

1901-ஆம் ஆண்டின் ஏமாற்றம்

லிலியந்தால் இறந்த செய்தி அமெரிக்காவில் மிதிவண்டிக் கடை வைத்திருந்த இரு சகோதரர்களின் ஆர்வத்தைத் தூண்டியது. வில்பர் ரைட், ஆர்வில் ரைட் ஆகிய அவர்களை நாம் அறிவோம். 1903-இன் வெற்றியைப் பாடநூலில் படித்திருக்கிறோம். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் அவர்கள் பட்ட ஏமாற்றத்தை நம்மில் பலர் படித்ததில்லை.

1901-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அவர்கள் கடற்காற்று வீசும் கிட்டி ஹாக் என்ற இடத்துக்கு அருகே மணற்குன்றுகளில் கூடாரம் அடித்தார்கள். அதுவரை யாரும் பறக்க முயலாத அளவுக்குப் பெரிய கிளைடர் அவர்களிடம் இருந்தது. முதுபெரும் பொறியாளர் ஆக்டேவ் சானூட்டும், எட்வர்ட் ஹஃபேக்கர், ஜார்ஜ் ஸ்பிராட் என்ற இரு ஆர்வலர்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். மழை ஓயாது பெய்தது. பிறகு கொசுக்கள் படையெடுத்தன. இரவில் தூக்கமில்லை. எல்லாம் பொறுத்துக்கொண்டு பறந்து பார்த்தால், கணக்கிட்ட தூக்குவிசையில் மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது. திருப்பினால் சில சமயம் எதிர்ப்பக்கம் திரும்பியது. ஒரு முறை கிளைடர் மணலில் குத்தி வில்பரின் முகத்தில் காயம் பட்டது. ஆகஸ்டில் வீடு திரும்பும் வழியில், இன்னும் ஐம்பது ஆண்டுகளுக்கு மனிதன் பறக்கப்போவதில்லை என்று வில்பர் தம்பியிடம் சொன்னாராம். பிற்காலத்தில் அவரே இதை ஒப்புக்கொண்டார்.

இந்த இடத்தில் அவர்களுடைய தங்கை கேத்தரின் வருகிறார். கல்லூரிப் பட்டம் பெற்று, உயர்நிலைப் பள்ளியில் இலத்தீன் கற்பித்த ஆசிரியை அவர். சிக்காகோவில் பொறியாளர் சங்கத்தில் பேச வருமாறு சானூட் அழைத்தபோது, வில்பர் தயங்கினார். தோல்வியைப் பற்றி என்ன பேசுவது? கேத்தரின் விடவில்லை. வற்புறுத்தி ஒப்புக்கொள்ள வைத்தார். 1901 செப்டம்பரில் வில்பர் அங்கே பேசினார். அதற்காகத் தம் கணக்குகளை மறுபடி எடுத்துப் பார்த்தபோது ஒரு கேள்வி எழுந்தது: நாம் பறக்கத் தவறினோமா, அல்லது நாம் நம்பிய கணக்கு தவறா?

உடனே சகோதரர்கள் ஆறடி நீள மரப்பெட்டி ஒன்றைச் செய்து, ஒரு முனையில் காற்றாடி பொருத்தி, உள்ளே காற்றை ஓட விட்டார்கள். பழைய ரம்ப இரும்பையும் மிதிவண்டிக் கம்பியையும் கொண்டு தராசு செய்தார்கள். சின்னஞ்சிறு உலோகச் சிறகுகளை விதவிதமாக வளைத்து, இருநூறு வரை சோதித்தார்கள். நூறாண்டுக்கும் மேலாக எல்லாரும் நம்பி வந்த காற்றழுத்த எண் ஒன்று மிகையானது என்பது தெளிவாயிற்று. 1902-இல் புதிய கணக்குப்படி செய்த கிளைடர் நூற்றுக்கணக்கான முறை நன்றாகப் பறந்தது. 1903 டிசம்பர் 17-ஆம் நாள் எஞ்சின் பூட்டிய விமானம் 12 விநாடி பறந்தது. அதற்கு முந்தைய ஞாயிறன்று வானிலை நன்றாக இருந்தும் அவர்கள் பறக்கவில்லை. ஓர் ஆயரின் மக்களாகிய அவர்கள் ஓய்வுநாளைக் காத்தார்கள். காத்திருக்கப் பழகியவர்களுக்கு இன்னும் சில நாள் பெரிதில்லை போலும்!

விடை

இனி நம் கேள்விக்கு வருவோம். கிளி ஏமாந்தது ஏன்? காத்திருந்ததால் அன்று, இலவ மரம் எப்படிப்பட்டது என்று கேட்டறியாததால். அதே மரத்தடியில் அதே காய்க்காகக் காத்திருக்கும் நம் ஊர்க் குடும்பங்கள் ஏமாறுவதில்லை. பழத்தை எதிர்பார்க்காமல் பஞ்சை எதிர்பார்க்கிறார்கள். காய் முற்றும் மாதம் அவர்களுக்குத் தெரியும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று முன்னோர் சொன்னதில், காற்று இல்லாதபோது முறத்தைக் கீழே வை என்ற பாடமும் அடங்கியிருக்கிறது.

மலையுச்சியிலிருந்து நடந்து இறங்குகிற பறப்போர் காற்றை அறிந்தவர்கள். அன்றைய காற்று ஏன் உதவவில்லை என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போகிறார்கள். அடுத்த முறை இன்னும் சிறிது தெளிவாக வருகிறார்கள். ஆகவே அவர்கள் இலவு காத்த கிளிகள் அல்லர்.

விமானிகளுக்கு லொரேத்தோ மாதாவைப் பாதுகாவலியாகத் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் 1920-இல் அறிவித்தார். வானில் எழும்பியதாகச் சொல்லப்படும் குப்பெர்த்தினோ நகர்ப் புனித சூசையப்பரையும் பறப்போர் வேண்டிக்கொள்வதுண்டு. தேர்வு எழுதும் மாணவர்க்கும் அவரே பாதுகாவலர்! இரு சாராருக்கும் ஒரே புனிதர் அமைந்தது பொருத்தமே. தேர்வு முடிவு வந்த நாளில், போட்டியில் பெயர் வாசிக்கப்படாத நாளில், நமக்கும் சிறகை மடக்க நேர்கிறது. அன்று வீட்டிலும் பள்ளியிலும் நமக்குத் தேவைப்படுவது கேத்தரினைப் போல ஒருவர்: கணக்கை மறுபடி எடுத்துப் பார் என்று அன்போடு வற்புறுத்துபவர். பெற்றோரும் சகோதரிகளும் அதைச் செய்ய முடியும். தோழிக்குத் தோழியும் செய்யலாம்.

நிக்கதேமுக்குத் தூய ஆவியைப் பற்றி விளக்கியபோது நம் ஆண்டவர் காற்றையே உவமையாக எடுத்தார். காற்று நமக்குக் கட்டுப்பட்டதன்று. அது எங்கிருந்து வருகிறது என்று கவனிப்பதும், வரும்வரை ஆயத்தமாக இருப்பதும், வராத நாளில் மனம் முறியாமல் இறங்கி நடப்பதும் நம் பங்கு.